எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், அப்போ நியாயம்தானே?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)



இன்னைக்குப் பேசப்போற விஷயத்தை நீங்க ஒரு தடவையாவது உட்கார்ந்து எழுதியிருப்பீங்க. ஆப்டிட்யூட் டெஸ்ட். ஒரு ரயில் ஒரு பிளாட்பார்மைத் தாண்ட எத்தனை செகண்ட் ஆகும், படகு ஆத்தோட எதிர்ப்பக்கம் போனா எவ்வளவு வேகம், இந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு எதிர்ச்சொல் என்ன. கேம்பஸ் பிளேஸ்மென்ட்ல முதல் ரவுண்டுல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புறது இதுதான்.

நான் இந்த எபிசோடைப் பண்ண ஒரு காரணம் இருக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா இதுல தப்பு பண்ணது நான்.

நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில சப்போர்ட் டீமை நடத்திக்கிட்டிருந்தேன். சின்ன கடைகளுக்கு பில் போடுற சாஃப்ட்வேர். ஈரோட்ல இருந்து, திண்டுக்கல்ல இருந்து கடைக்காரங்க போன் பண்ணுவாங்க. எங்க டீம்ல ஒரு பொண்ணு கான்ட்ராக்ட்ல ரெண்டு வருஷமா வேலை பார்த்தா. பேர் சொல்ல மாட்டேன். திருவண்ணாமலைப் பக்கம், கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம்.

ஒரு நாள் ஒரு கடைக்காரர் கத்துறார்: "பில்லே வரலம்மா, பேப்பர் மட்டும் வெள்ளையா வருது, உங்க சாஃப்ட்வேர் டுபாக்கூர்." இவ அமைதியா, "அண்ணா, இப்பதான் ரோல் மாத்துனீங்களா? அந்தப் பேப்பர்ல ஒரு பக்கம்தான் எழுத்து விழும். நகத்தால கீறிப் பாருங்க, கறுப்பா கோடு விழுற பக்கம் பிரிண்டர் ஹெட்டைப் பார்த்து இருக்கணும்"னு சொன்னா. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது. அவர் கடைசியில "தேங்க்ஸ் பாப்பா"ன்னு சொல்லி வெச்சார். எங்க டீம்ல அவ அளவுக்குப் போன்ல பிரச்சினையைப் பிடிக்கிற ஆள் வேற யாரும் இல்ல.

அப்புறம் பர்மனென்ட் போஸ்ட் வந்தது. ஹெச்.ஆர்.ல கேட்டாங்க, "எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏதாவது வெக்கணும், நாளைக்கு யாரும் கேள்வி கேக்கக் கூடாது." ஒரு வெண்டரோட ஆன்லைன் டெஸ்ட் இருந்தது. 60 கேள்வி, 60 நிமிஷம். கட்-ஆஃப் எவ்வளவுன்னு கேட்டாங்க. நான் ஒரு நம்பர் சொன்னேன். எதை வெச்சுச் சொன்னேன்? எதையும் வெச்சு இல்ல. அந்த நம்பர் கேக்க நல்லா இருந்தது.

அவ பாஸ் ஆகல.

ரிசல்ட் வந்த அன்னைக்கு என்கிட்ட வந்து, "அக்கா, இந்த ரயில் கணக்கெல்லாம் நம்ம வேலையில எங்கக்கா வருது?"ன்னு கேட்டா. நான் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கு. "எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தானே குடுத்தோம்." அவ ஒண்ணும் பேசல. அடுத்த மாசம் வேற கம்பெனிக்குப் போயிட்டா.

அந்தப் பதில் சரியா தப்பான்னு ரொம்ப நாள் ஓடிக்கிட்டே இருந்தது. அப்புறம்தான் இதே கேள்வியை ஒரு உச்ச நீதிமன்றம் 50 வருஷத்துக்கு முன்னாடியே கேட்டிருக்குன்னு தெரிஞ்சது. அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

ஒரு மின் நிலையம், 95 ஊழியர்கள்

இடம் அமெரிக்காவுல வட கரோலினா மாநிலம், டிரேப்பர்னு ஒரு ஊர். அங்க டியூக் பவர் கம்பெனிக்கு டான் ரிவர்னு ஒரு அனல் மின் நிலையம் இருந்தது. மொத்தம் 95 பேர் வேலை பார்த்தாங்க. அதுல 14 பேர் கறுப்பினத்தவர்.

நிலையத்துல அஞ்சு பிரிவு. லேபர், நிலக்கரி கையாளுறது, ஆபரேஷன்ஸ், மெயின்டனன்ஸ், அப்புறம் லேப். கறுப்பினத்தவர் லேபர் பிரிவுல மட்டும்தான் இருக்க முடியும். பெருக்குறது, சுத்தம் பண்றது, மூட்டை தூக்குறது. லேபர்ல அதிகமா சம்பளம் வாங்குறவரை விட, மத்த நாலு பிரிவுல ரொம்பக் கம்மியா வாங்குற ஆள் அதிகமா வாங்கினார்.

1955ல கம்பெனி ஒரு விதி கொண்டுவந்தது. லேபர் தவிர மத்த பிரிவுல சேர ஹை ஸ்கூல் முடிச்சிருக்கணும். ஏற்கெனவே அந்தப் பிரிவுகள்ல இருந்த வெள்ளையர்ல ஹை ஸ்கூல் முடிக்காதவங்களும் இருந்தாங்க. அவங்க அப்படியே தொடர்ந்தாங்க, நல்லாவே வேலை பார்த்தாங்க, பிரமோஷனும் வாங்கினாங்க.

1964ல அமெரிக்காவுல குடிசார் உரிமைகள் சட்டம் வந்தது. வேலையில இன பேதம் பார்க்கக் கூடாதுங்கிற அதோட 7ஆம் பிரிவு அமலுக்கு வந்த நாள் 1965 ஜூலை 2. அதே நாள், டியூக் பவர் புதுசா ஒரு விதி போட்டது. லேபர் தவிர வேற பிரிவுல புதுசா சேரணும்னா ஹை ஸ்கூல் மட்டும் போதாது, ரெண்டு டெஸ்ட்டும் பாஸ் பண்ணணும். ஒண்ணு வொண்டர்லிக். பொது அறிவுத்திறனை அளக்குறதுன்னு சொல்லப்பட்ட டெஸ்ட். 12 நிமிஷத்துல 50 கேள்வி. இன்னொண்ணு பென்னட்; இயந்திரங்களைப் பத்தின புரிதலைப் பார்க்குறது. ஏற்கெனவே உள்ள இருந்து, ஹை ஸ்கூல் முடிக்காம, மேல போக நினைக்கிறவங்களுக்கும் கொஞ்ச நாள்ல இந்த ரெண்டு டெஸ்ட்டையும் ஒரு வழியா வெச்சாங்க.

கட்-ஆஃப் எங்க வெச்சாங்க தெரியுமா? நாடு முழுக்க ஹை ஸ்கூல் முடிச்சவங்களோட நடு மதிப்பெண்கிட்ட. அதாவது ஹை ஸ்கூல் முடிச்சவங்கள்லயே கிட்டத்தட்ட பாதிப் பேர் தேற மாட்டாங்க. இதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் கூசிச்சு. அவங்களாவது எதையோ பார்த்து ஒரு நம்பர் வெச்சாங்க.

இப்போ இதோட விளைவைப் பாருங்க. 1960 மக்கள்தொகைக் கணக்குப்படி வட கரோலினாவுல வெள்ளை ஆண்கள்ல 34 சதவீதம் பேர் ஹை ஸ்கூல் முடிச்சிருந்தாங்க. கறுப்பின ஆண்கள்ல 12 சதவீதம். டெஸ்ட்டும் இதே மாதிரிதான். இந்த ரெண்டு டெஸ்ட்டும் அடங்கின ஒரு தொகுப்பை வெச்ச இன்னொரு இடத்துல வெள்ளையர்ல 58 சதவீதம் பேர் பாஸ், கறுப்பினத்தவர்ல 6 சதவீதம் பேர் பாஸ். ஏன்? பிரிச்சு வெச்ச, பணமே போடாத பள்ளிக்கூடங்கள்ல படிக்க வெச்சுட்டு, வளர்ந்ததும் அதே படிப்பை அளந்து பார்த்தா வேற என்ன வரும்?

அந்த 14 பேர்ல 13 பேர் வழக்குப் போட்டாங்க. வழக்கு அவங்கள்ல ஒருத்தரான வில்லி கிரிக்ஸ் பேர்ல: கிரிக்ஸ் எதிர் டியூக் பவர்.

கெட்ட எண்ணம் இருக்கணுமா?

கீழ் நீதிமன்றங்கள்ல அவங்களுக்கு முக்கியமான இடத்துல தோல்விதான். மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, கம்பெனிக்குப் பாரபட்சம் பார்க்கிற எண்ணம் இருந்ததா நிரூபணம் ஆகல. படிக்காத ஊழியர்கள் ஹை ஸ்கூல் முடிக்கிறதுக்கு ஃபீஸ்ல மூணுல ரெண்டு பங்கு கம்பெனி குடுத்திருக்கு. டெஸ்ட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான். அப்புறம் என்ன?

வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு. 1971 மார்ச் 8ஆம் தேதி தீர்ப்பு. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதினார். கலந்துக்கிட்ட எட்டு நீதிபதிகளும் ஒரே பக்கம். இத்தனைக்கும் பர்கர் புரட்சிக்காரர் கிடையாது, நிக்சன் நியமிச்ச பழமைவாதி.

அந்தத் தீர்ப்புல ஒரு இடத்துல நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு கதையை அவர் தொட்டுட்டுப் போறார். நரியும் கொக்கும். நரி தட்டுல ஊத்திக் குடுக்கும், கொக்கு குடிக்க முடியாது. கொக்கு நீளக் கழுத்துள்ள பாத்திரத்துல குடுக்கும், நரி குடிக்க முடியாது. ரெண்டு பேருக்கும் சாப்பாடு வெச்சாச்சேன்னு சொன்னா ஆச்சா? பாத்திரம் யாரால குடிக்க முடியுற மாதிரி இருக்குன்னும் பார்க்கச் சொல்லுது சட்டம். இதுதான் அவர் சொன்னதோட சாரம்.

தீர்ப்பு ரெண்டு விஷயத்தை நிலைநாட்டிச்சு. ஒண்ணு, உன் எண்ணம் நல்லதா கெட்டதாங்கிறதோட கேள்வி முடியாது. உன் விதி நடைமுறையில யாரை வெளிய நிறுத்துதுன்னும் பார்க்கணும். ரெண்டு, அப்படி ஒரு கூட்டத்தையே வெளிய நிறுத்துதுன்னா, அந்த விதிக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் இருக்குன்னு காட்ட வேண்டியது கம்பெனி. டெஸ்ட் தப்புன்னு கோர்ட் சொல்லவே இல்ல. பொதுவா ஒரு மனுஷனை அளக்காதே, அந்த வேலைக்கு அந்த மனுஷனை அளன்னுதான் சொன்னது.

டியூக் பவரால சம்பந்தத்தைக் காட்ட முடியல. எங்க ஆட்களோட தரம் பொதுவா உயரும்னு நினைச்சோம்னு சொன்னாங்க, அவ்வளவுதான். அந்த டெஸ்ட்டை எழுதாத, ஹை ஸ்கூல் முடிக்காத வெள்ளை ஊழியர்கள் அதே வேலையை நல்லா செஞ்சுக்கிட்டிருந்தது அவங்களுக்கே எதிரான சாட்சியாயிடுச்சு.

இதைப் படிச்ச அன்னைக்கு நான் ஒரு வேலை பண்ணேன். எங்க வெண்டர் டெஸ்ட்டை நானே எழுதினேன். டைமர் போட்டு, ஏமாத்தாம. நான் வெச்ச கட்-ஆஃப்ல ரெண்டு மார்க் கம்மி.

இந்த டெஸ்ட் எங்க இருந்து வந்தது?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1905ல பாரிஸ்ல ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சைமன் ரெண்டு பேரும் முதல் நுண்ணறிவு அளவுகோலை உருவாக்கினாங்க. நோக்கம் வேலைக்கு ஆள் எடுக்குறது கிடையாது. பள்ளியில பின்தங்குற குழந்தைகள்ல யாருக்குத் தனி உதவி வேணும்னு கண்டுபிடிக்கிறது. இது மாறவே மாறாத ஒரு அளவுன்னு எடுத்துக்கக் கூடாதுன்னு பினேவே சொன்னவர்.

அமெரிக்காவுக்குப் போனதும் கதை மாறிச்சு. முதல் உலகப் போர்ல ராணுவத்துக்கு வந்த கிட்டத்தட்ட 17 லட்சம் பேருக்கு இந்த மாதிரி டெஸ்ட் வெச்சாங்க. அதுல ஒரு கேள்வி, "கிரிஸ்கோ" என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? கிரிஸ்கோங்கிறது அங்க விக்கிற சமையல் கொழுப்பு, நம்ம ஊர் டால்டா மாதிரி. இத்தாலியில இருந்து, ரஷ்யாவுல இருந்து அப்பதான் வந்து இறங்கினவனுக்கு இது எப்படித் தெரியும்? இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவங்களுக்குப் படம் வெச்ச டெஸ்ட் இருந்தது. அதுல ஒரு படம், நெட் இல்லாத டென்னிஸ் கோர்ட். என்ன குறையுதுன்னு சொல்லணும். டென்னிஸே பார்க்காதவன் என்ன சொல்வான்?

இந்த மதிப்பெண்களை வெச்சு கார்ல் பிரிகம்ங்கிற உளவியலாளர் 1923ல ஒரு புத்தகம் எழுதினார். எந்த நாட்டுக்காரனுக்கு மூளை கம்மின்னு வரிசைப்படுத்தி. 1930ல அவரே அந்த முடிவுகள் நிக்காதுன்னு பின்வாங்கினார். ஆனா டெஸ்ட்டை வெச்சு ஆளைத் தரம் பிரிக்கிற பழக்கம் பின்வாங்கல.

அப்போ டெஸ்ட்டைத் தூக்கிடலாமா?

இந்த இடத்துல எங்க அப்பா ஞாபகம் வருது. அவர் பேங்க்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்க தாத்தாவுக்கு ஊர்ல ஒரு பெரிய மனுஷனையும் தெரியாது. சிபாரிசு பண்ண ஆள் இல்ல. எழுத்துத் தேர்வு இருந்ததாலதான் அப்பா உள்ள போனார். இந்தக் கதையை அவர்கிட்ட சொன்னப்ப, "டெஸ்ட்டை எடுத்துட்டா அந்த எடத்துல என்னம்மா வரும்? நம்ம பையன், நம்ம ஊருன்னு ஆரம்பிச்சுடுவான்"னு சொன்னார்.

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆராய்ச்சியும் கொஞ்சம் அவர் பக்கம்தான். 1998ல ஷ்மிட், ஹன்ட்டர்னு ரெண்டு பேர் 85 வருஷ ஆய்வுகளைத் தொகுத்தாங்க. ஆள் எடுக்குற எந்த முறை, பின்னாடி அவங்க வேலை எப்படி இருக்கும்னு சரியா கணிக்குது? 0ன்னா சம்பந்தமே இல்ல, 1ன்னா அப்படியே பொருந்துது. பொது அறிவுத்திறன் டெஸ்ட்டுக்கு 0.51. சும்மா உட்கார வெச்சு, "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னு வாய்க்கு வந்தபடி பேசுற இன்டர்வியூவுக்கு 0.38. எத்தனை வருஷம் படிச்சீங்கங்கிறதுக்கு வெறும் 0.10.

ஆனா 2022ல சாக்கெட்டும் அவர் கூட இருந்தவங்களும் இதே கணக்கைத் திரும்பப் போட்டாங்க. பழைய கணக்குல ஒரு திருத்தம் அளவுக்கு மீறிப் போட்டிருக்காங்கன்னு காட்டினாங்க. புதுக் கணக்குல அறிவுத்திறன் டெஸ்ட் 0.31க்கு இறங்கிடுச்சு. முதலிடம் எதுக்குன்னா, ஒழுங்குபடுத்தின இன்டர்வியூவுக்கு, 0.42. அதாவது எல்லார்கிட்டயும் அந்த வேலையைப் பத்தின அதே கேள்விகளைக் கேட்டு, முன்னாடியே எழுதி வெச்ச அளவுப்படி மார்க் போடுறது. இந்த முறையில பிரிவுகளுக்கு இடையில வர்ற வித்தியாசமும் அறிவுத்திறன் டெஸ்ட்ல வர்றதை விடக் குறைவு.

அதனால அப்பாவோட பயத்துக்கும் அந்தப் பொண்ணோட கேள்விக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. சிபாரிசுக்குத் திரும்ப வேண்டியதில்ல. ரயில் கணக்குலயே நிக்கவும் வேண்டியதில்ல.

இன்னொரு சம்பவமும் சொல்லணும், கொஞ்சம் சிரிப்பு வரும். அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலம், நியூ லண்டன் நகரம். 1996ல போலீஸ் வேலைக்கு ராபர்ட் ஜோர்டன்னு ஒருத்தர் அதே வொண்டர்லிக் டெஸ்ட்டை எழுதி 33 எடுத்தார். இன்டர்வியூவுக்குக் கூப்பிடல. ஏன்னா அங்க 20ல இருந்து 27 வரைக்கும் எடுத்தவங்களைத்தான் கூப்பிட்டாங்க. ரொம்ப புத்திசாலின்னா போரடிச்சு சீக்கிரம் வேலையை விட்டுடுவானாம், டிரெயினிங் செலவு வீணாம். அவர் கோர்ட்டுக்குப் போனார், 2000ல மேல்முறையீட்டுலயும் தோத்தார். கோர்ட் சொன்ன காரணத்துல ஒண்ணு, விதி எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே இருந்தது.

நான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்ன அதே பதில்.

நம்ம நாட்டுல?

கிரிக்ஸ் தீர்ப்பு நம்ம உச்ச நீதிமன்றத்துக்கும் வந்து சேர்ந்தது. 2021 மார்ச், லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கு. ராணுவத்துல பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி குடுக்கச் சொல்லி முந்தின வருஷம் கோர்ட் உத்தரவு போட்டிருந்தது. ராணுவம், சரி, ஆண்களுக்கு வெச்ச அதே மருத்துவத் தகுதிதான்னு சொன்னது. கேக்க நியாயமா இருக்கு இல்லையா? ஆனா ஆண்களுக்கு அந்தத் தகுதியைப் பார்த்தது அவங்க அஞ்சாவது, பத்தாவது வருஷ சர்வீஸ்ல. இந்தப் பெண்களுக்குப் பார்த்தது பல வருஷம் கழிச்சு, வயசு ஏறின பிறகு. பல வருஷமா நிரந்தரப் பணியே குடுக்காம இருந்துட்டு, தாமதமானதுக்கும் அவங்களையே மார்க் குறைக்கிறாங்க. நீதிபதி சந்திரசூட் அதை மறைமுகப் பாரபட்சம்னு எழுதினார். கிரிக்ஸ் தீர்ப்பையும் எடுத்துக் காட்டினார்.

அது ராணுவம், அரசாங்கம். நம்ம கம்பெனி ஹெச்.ஆர். ரூமுக்குள்ள அந்தத் தீர்ப்பு தானா நடந்து வந்துடாது. கிரிக்ஸ் பிறந்த நாட்டுலயே அந்தக் கொள்கை மேல சண்டை இன்னும் ஓயல. 1991ல சட்டத்துலயே எழுதி வெச்சாங்க. 2025 ஏப்ரல்ல அதிபர் டிரம்ப் அதை அமல்படுத்துறதைக் குறைக்கச் சொல்லி ஆணை போட்டார்.

ஆனா கேள்வி கேக்க சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நீங்க ஒரு டீம்ல இருந்தா, ஆள் எடுக்குற இடத்துல உட்கார்ந்தா, மூணே விஷயம் பண்ணுங்க. இந்த வேலையை இப்போ நல்லா செய்றவங்களை அந்த டெஸ்ட்டை எழுதச் சொல்லுங்க. அவங்க தேறலேன்னா கோளாறு டெஸ்ட்லதான். ரெண்டாவது, கட்-ஆஃப் எப்படி வந்ததுன்னு ஒரு வரி எழுதி வைங்க. எழுத முடியலேன்னா அந்த நம்பர் வேண்டாம். மூணாவது, யார் வெளிய போறாங்கன்னு பாருங்க. அமெரிக்காவுல 1978ல இருந்து ஒரு கைக்கணக்கு உண்டு. ஒரு பிரிவோட தேர்ச்சி விகிதம், அதிகமா தேறின பிரிவோட விகிதத்துல அஞ்சுல நாலு பங்குக்குக் கீழ போனா, நின்னு யோசி. தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம்னு வெச்சு இதை ஒரு தடவை போட்டுப் பாருங்க.

எங்க டீம்ல இப்போ அந்த ஆன்லைன் டெஸ்ட் இல்ல. வர்றவங்களுக்கு ஒரு ஹெட்போன் குடுக்குறோம். பழைய கால்கள்ல இருந்து எடுத்த நாலு பிரச்சினை. எல்லாருக்கும் அதே நாலு, தமிழ்லயும் பேசலாம், இங்கிலீஷ்லயும் பேசலாம். நாலுல ஒண்ணு, பேப்பர் வெள்ளையா வர்ற பிரிண்டர்.

அவளுக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன். நான் சொன்ன பதில் தப்புன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, "நல்லதுக்கா. அடுத்து வர்றவங்களுக்காவது ஆகும்"னா. திரும்ப வர்றியான்னு கேட்டேன். "இல்லக்கா, இங்க பர்மனென்ட் ஆயிடுச்சு"ன்னு சொன்னா.

உங்களுக்கும் இப்படி ஒரு டெஸ்ட் கதை இருந்தா, எழுதினதோ, வெச்சதோ, எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. முக்கியமா வெச்சவங்க அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.